தேவசகாயம் ஐயாவை நான் அழைக்கவில்லை

2024.07.27, சனிக்கிழமை, முற்பகல் 10.20 மணி. பெண் பொலிஸ் கான்ஸ்டபிள் நஸ்லியா தமிழில் எழுதிக்கொள்ள, தாயாரின் முன்னிலையில் சொல்வதாவது:

எனது முழுப்பெயர் இராமையா சுலக்ஷனா. வயது பதினாறும் நான்கு மாதமும். வெள்ளைப்பாறைத் தோட்டம், மேற்பிரிவு, ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பராவில் வசிக்கிறேன். தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இன்னும் வந்து சேரவில்லை. கொட்டகலையிலுள்ள தமிழ்ப் பாடசாலை ஒன்றில் பதினோராம் வகுப்பில் படிக்கிறேன். தகப்பனார் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். தாயார் நாகலெட்சுமி தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவர் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்னை யாரும் அழைத்து அனுப்பவில்லை. நானாகவே வந்தேன்.

எங்கள் தோட்டத்து மருந்துச்சாலைக்குப் பொறுப்பான திரு. தேவசகாயம் அவர்கள், இந்த மாதம் 5ஆம் திகதி நோயாளியைப் பார்க்க வரும்படி ஆள் அனுப்பியும் வர மறுத்தார் என்று, எங்கள் லயத்து வரிசையில் அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் அழகன் என்பவர் இந்த நிலையத்தில் முறைப்பாடு செய்திருப்பதை அறிவேன். அதனால் தேவசகாயம் ஐயா வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதையும், வருகிற திங்கட்கிழமை அவருக்கு விசாரணை இருப்பதையும் அறிவேன். அன்று அனுப்பப்பட்ட ஆள் நான்தான். அதைச் சொல்லவே வந்தேன்.

கடந்த தீபாவளிக்கு என் தகப்பனார் எனக்கு ஒரு போன் அனுப்பினார். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. லயத்துக்கு மேலே தேயிலை மலைக்குள் இருக்கும் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் கிடைக்கும். முதல் நாள் அங்கே போய் நின்று மனித இதயம் எப்படி வேலை செய்கிறது என்று தேடினேன். விஞ்ஞானப் பாடப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளையாக இருந்த இதயம் என் உள்ளங்கைக்குள் சிவப்பாக அடித்துக்கொண்டிருந்தது. நான்கு வால்வுகளும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. சுற்றிலும் பனிமூட்டமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றதில் இரண்டு காலிலும் அட்டை ஏறியது தெரியவில்லை. இவ்வளவும் தெரிந்த ஒன்று எங்கள் மலைக்கு வந்துவிட்டதே என்று நினைத்தேன்.

அதன் பின்னர், உடம்புக்கு முடியாத லயத்துப் பெண்கள் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். மருந்துச்சாலைக்குப் போனால் காலையில் வாங்குப் பலகையில் காத்து உட்கார வேண்டும், அன்றைய வேலை போய்விடும். வேலை செய்யலாம் என்று ஐயா நினைத்தால் ஓய்வுத் துண்டு கொடுக்காமல் மலைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். போன் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. அவர்கள் சொல்வதை நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, தாங்கிக்குப் போய் ஆங்கிலத்தில் தேடி, பதிலைத் தமிழில் எழுதிவந்து வாசித்துக் காட்டுவேன். "போன் டாக்டரம்மா வர்றாங்க, எந்திரிங்கடி" என்று கேலி செய்வார்கள். "அந்தக் கங்காணிக்கு எப்ப வாயடங்கும்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வா பாப்பா" என்றும் சொல்வார்கள். ஏப்ரல் மாதம் காளியாயி என்பவருக்குத் தலைச்சுற்றல் வந்தபோது, இரத்தத்தில் இரும்புச் சத்து குறைவாக இருக்கலாம் என்று நான் வாசித்துச் சொன்னேன். பிறகு தேவசகாயம் ஐயாவும் அதையே சொல்லி மாத்திரை கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு என்மேல் நம்பிக்கை அதிகமானது. அந்தக் கொப்பியை இப்போது இங்கே கொடுக்கிறேன்.

அழகனின் மனைவி மீனம்மா, வயது நாற்பத்தொன்று, எனக்கு உறவு அல்ல. ஆனாலும் பிறந்ததிலிருந்து அவரைச் சித்தி என்றும் அழகனைச் சித்தப்பா என்றும்தான் கூப்பிடுகிறேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தி என் தாயாருடன் ஒரே நிரையில் கொழுந்து பறிப்பவர். ஜூலை 3ஆம் திகதி புதன்கிழமை மாலை அவருக்குக் காய்ச்சல் வந்தது. பனடோல் போட்டுக்கொண்டு, மறுநாள் மழையில் மலைக்குப் போனார். அன்று மாலை தலைவலியோடு திரும்பினார், காய்ச்சல் குறைந்திருந்தது. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு நான் பிற்பகல் இரண்டரை மணிக்கு வந்தேன். சித்தி இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார். வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று சொன்னதால், சித்தப்பா ஜன்னலிலும் வாசலிலும் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என்னென்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். சித்தி, "மண்டை வெடிக்குது, கழுத்து வலிக்குது, கண்ணத் தொறக்க முடியல" என்றார். பிறகு, "எனக்கு என்ன வயசுன்னு போன் சொல்லுதான்னு பாரு, கெழவி ஆயிட்டேன் போல இருக்கு" என்று சிரிக்கப் பார்த்தார். நான் தலைவலி, வாந்தி, வெளிச்சம் என்று எழுதினேன். கழுத்து வலியை எழுதவில்லை.

அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கூடைக் கயிற்றைத் தலையில் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் கொழுந்து பறிப்பவர்களுக்குக் கழுத்து வலி இருந்தே தீரும். என் தாயாருக்கு இருக்கிறது. லயத்தில் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறது. அதை நாங்கள் வருத்தம், நோய் என்று சொல்வதில்லை. யாராவது நலம் கேட்டால் "கழுத்து வலிதான், வேறொன்னும் இல்ல" என்று சொல்வார்கள். நானும் அது ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.

அதன் பின்னர் சித்தப்பா என்னை வெளியே கூப்பிட்டு, "போன் எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் புள்ள. எனக்கு என்னமோ சரியாப் படல. நான் இவள விட்டுட்டு நகர முடியாது. நீ ஓடிப் போயி டிஸ்பென்சர் ஐயாவ ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லு" என்றார். நேரம் ஏறக்குறைய மூன்று மணி. மருந்துச்சாலை எங்கள் லயத்திலிருந்து முக்கால் மைல் கீழே இருக்கிறது. தண்ணீர்த் தாங்கி மேலே இருக்கிறது. நான் மேலே போனேன்.

ஐயாவிடம் போகும்போது என்ன நோய் என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது என்று நினைத்துத்தான் முதலில் ஏறினேன். தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுதல் என்று போட்டதும் எட்டு நோய்கள் வந்தன. நான் எட்டையும் கொப்பியில் எழுதினேன். பரீட்சையில் பல்தேர்வு வினாவுக்குப் பொருந்தாத விடைகளை வெட்டி, மிஞ்சியதைத் தெரிவு செய்யும்படி எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதே போல ஒவ்வொன்றையும் வாசித்து வெட்டினேன். ஆறாவதாக இருந்தது மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் அழற்சி. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இருக்கும் என்று அதில் போட்டிருந்தது. காய்ச்சல் குறைந்துவிட்டது, கழுத்து கூடை வலி என்று நினைத்து அதையும் வெட்டினேன். கடைசியில் ஒற்றைத் தலைவலி மிஞ்சியது. இருட்டறையில் படுத்திருந்தால் மூன்று நாளில் குறையும் என்று இருந்தது. கொப்பியின் முப்பத்தோராம் பக்கத்தை இப்போது எனக்குக் காட்டுகிறார்கள். இது என் கையெழுத்து. ஆறாவது வரியை அடிமட்டக் கோல் வைத்துக் கோடிட்டு வெட்டியவளும் நான்தான்.

எட்டில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஐயா வந்தாலும் இதைத்தானே சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மழையும் வந்துகொண்டிருந்தது. நான் மருந்துச்சாலைக்குப் போகாமல் கீழிறங்கி வந்து, சித்தப்பாவிடம், "ஐயா வரத் தேவையில்லையாம். ஒத்தத் தலைவலி. இருட்டுல படுத்திருந்தா மூணு நாள்ல சரியாயிருமாம்" என்றேன். சித்தப்பா, "ஐயாவே சொன்னாரா?" என்று கேட்டார். நான் "ஆமா" என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சரி. படிச்ச மனுசன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, சித்தப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குக் கீழ்ப்பிரிவுக்குப் போயிருந்தார். நான் சித்தியின் பக்கத்தில் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் எழுப்பியபோது கஞ்சி குடித்தார். ஒன்பது மணிக்குப் பின்னர் கூப்பிட்டால் "ம்" என்று மட்டும் சொன்னார். நான் தூக்கம் என்று நினைத்தேன். அன்று இரண்டு வாரத்துக்குப் பிறகு வெயில் அடித்தது. லயம் முழுவதும் கதவு திறந்து, எல்லா வாசலிலும் துணி காய்ந்தது. தேவசகாயம் ஐயா குழந்தைகளின் நிறை பார்ப்பதற்காக, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தவர், லயத்து வழியாக நடந்துபோகும்போது எங்கள் பக்கம் நின்றார். "இம்புட்டு வெயில்ல இந்த வீட்டுக்கு மட்டும் எதுக்குச் சாக்கு? உள்ள யாரு கெடக்கா?" என்று அவர் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது. யாரும் பதில் சொல்வதற்கு முன்பே சாக்கை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு ஜன்னலைப் பார்த்தே ஒருவர் அவ்வளவையும் தெரிந்துகொள்ள முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

அதன் பின்னர் ஐயா செய்தவற்றை நான் கண்ணால் பார்த்தேன். அவரிடம் எந்தக் கருவியும் இருக்கவில்லை. சித்தியின் தலைக்குக் கீழே கையைக் கொடுத்து, "மீனம்மா, நாடிய நெஞ்சுல தொடு பாப்போம்" என்றார். சித்தியால் தாடையை நெஞ்சுவரை கொண்டுவர முடியவில்லை. ஐயா தலையை மெதுவாக மேலே தூக்கினார். அப்போது யாரும் தொடாமலே சித்தியின் இரண்டு முழங்காலும் தாமாக மடங்கி மேலே வந்தன. நான் இதயத்தின் படத்தைப் பார்த்த அன்றுகூட இப்படி அசந்து போனதில்லை. கழுத்தைத் தூக்கினால் கால் பேசுகிறது. அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் முக்கால் மைல் தூரத்தில் இத்தனை வருடமாக இருந்திருக்கிறார். ஐயா தலையைத் திரும்ப வைத்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. பிள்ளைக் காம்பராவிலிருந்த காளியாயியைக் கூப்பிட்டு, மருந்துச்சாலையிலிருந்து ஊசி மருந்துப் பெட்டியை எடுத்துவர அனுப்பினார். பெட்டி வந்ததும் சித்திக்கு ஊசி போட்டார்.

அந்த நேரம் கொட்டகலையிலிருந்து சாமான் விற்க வரும் சரிபுதீன் நானாவின் வேன் லயத்து முனையில் நின்றது. ஐயா கையைக் காட்டியதும் நானா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வெங்காய மூட்டைய எறக்குங்க, எறக்குங்க! பொறகு எண்ணிக்கலாம், உசிரு முக்கியம்" என்று சத்தம் போட்டு, தானே இரண்டு மூட்டையை ரோட்டில் தள்ளினார். ஐயாவும் நானும் சித்தியுடன் பின்னால் ஏறினோம். சித்தியின் தலை என் மடியில் இருந்தது.

வேனில் போகும்போது ஐயா சித்தியின் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே, "போன்ல பாத்தியா?" என்று கேட்டார். நான் கொப்பியைக் காட்டினேன். அவர் முப்பத்தோராம் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. கழுத்து எங்க?" என்றார். "அது கூடை வலின்னு விட்டுட்டேங்க ஐயா" என்றேன். அவர் கொப்பியை மூடி என்னிடம் தந்தார். பிறகு, "கூடை வலின்னா எம்புட்டு வலிச்சாலும் குனிய விடும். இது குனிய விடாது" என்றார். என்னை ஏசவில்லை. முந்தின நாள் நான் அவரிடம் அனுப்பப்பட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சித்தியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முதுகெலும்புக்கு நடுவில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். ஒரு நர்ஸ் அதைக் கண்ணாடிக் குழாயில் கொண்டு போனபோது கண்டேன். அது அரிசி கழுவின தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. சுத்தமான ஓடைத் தண்ணீர் போல இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். நம் ஒவ்வொருவருடைய முதுகுக்குள்ளும் அப்படி ஒரு தெளிந்த நீர் மூளைவரை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். சித்திக்கு வந்திருந்தது நான் வெட்டிய ஆறாவது நோயேதான். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, விட்டுப்போன கழுத்தையும் சேர்த்துப் போனில் போட்டுப் பார்த்தேன். உடனே வைத்தியசாலைக்குச் செல்லவும் என்று முதல் வரியிலேயே சிவப்பு எழுத்தில் வந்தது. போனுக்குத் தெரிந்திருந்தது. நான் அதற்குச் சொல்லவில்லை.

சித்தி ஆறு நாள் நினைவில்லாமல் இருந்து, பிழைத்தார். தோட்டத்தில் போட்ட ஊசிதான் உயிரைப் பிடித்து வைத்தது என்று டாக்டர் சொன்னார். ஆனால் இரண்டு காதும் கேட்கவில்லை. ஒரு நாள் முந்தி வந்திருந்தால் காதும் தப்பியிருக்கலாம் என்று டாக்டர் சித்தப்பாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். சித்தப்பா அங்கிருந்து நேராக மருந்துச்சாலைக்குப் போய், "மொத நாளே ஆளனுப்பினேனே, வந்தியா நீ?" என்று ஐயாவைக் கேட்டதாகவும், யாரும் வரவில்லை என்று ஐயா சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். அதன் பின்னர்தான் முறைப்பாடு கொடுக்கப்பட்டது. யாரை அனுப்பினாய் என்று தோட்ட ஆபிசில் கேட்டதற்குச் சித்தப்பா என் பெயரைச் சொல்லவில்லை. "புள்ள சோதனைக்குப் படிக்குது, அதப் பொலிசு கோர்ட்டுன்னு இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். தேவசகாயம் ஐயா என் கொப்பியைப் பார்த்தவர். தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகக்கூட அவர் அதைப் பற்றி எங்கும் சொல்லவில்லை. என்னைச் சுற்றி எல்லாரும் எனக்கு நல்லது செய்தார்கள். பொய் சொன்ன நாளிலிருந்து நான் இருபத்தொரு நாள் பேசாமல் இருந்தேன்.

இந்த மாதம் 23ஆம் திகதி செவ்வாய்க்கிழமை சித்தி வீட்டுக்கு வந்தார். நேற்று மாலை நான் அவரிடம் சொல்லப் போனேன். காது கேட்காததால், வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில், "அன்று நான் ஐயாவைக் கூப்பிடவில்லை. பொய் சொன்னேன்" என்று எழுதிக் கொடுத்தேன். சித்தி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தார். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் இப்போது அவர் பேசினால் லயம் முழுக்கக் கேட்கும். "அப்ப ஐயாவ நீ கூப்பிடவே இல்லியா?" என்று அவர் கேட்டது கடைசிக் காம்பராவரை கேட்டது. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். என் தாயார் அரைத்த கையோடு வந்தார். சித்தப்பா உள்ளேயிருந்து வந்து வாசலில் தண்ணீர் ஓடும் கானோரத்தில் உட்கார்ந்து, "நான் அந்த மனுசன் மூஞ்சியில காறித் துப்பினேனே, புள்ள" என்றார்.

சித்தி எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன சொல்றாரு? யாராச்சும் எழுதிக் காட்டுங்களேன்" என்றார். நான் எழுதிக் காட்டினேன். அவர் வாசித்து முடித்து என்னைப் பார்த்தார். பிறகு, "எங்காது போனது போனதுதான். அந்த ஐயா பொழப்பு இன்னும் போகல. திங்கக்கெழமைக்கு முன்னுக்குப் போயி எழுதிக் குடு" என்றார். நான் அழுதேன். அவர் என் தலையைத் தொடவில்லை. தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

ஆகவே, ஜூலை 5ஆம் திகதி தேவசகாயம் ஐயாவிடம் யாரும் போகவில்லை. அவர் எதையும் மறுக்கவில்லை. ஆறாம் திகதி அழைக்காமலே வந்து மீனம்மாவின் உயிரைக் காப்பாற்றினார். அழகன் கொடுத்த முறைப்பாடு நான் சொன்ன பொய்யை நம்பிக் கொடுக்கப்பட்டது. அவர்மீதும் குற்றமில்லை.

இதை எழுதும்போது நஸ்லியா மிஸ் என்னிடம், "தங்கச்சி, 'தவறுதலாகச் சொன்னேன்' என்டு போடவா? ஒங்களுக்கு லேசா இருக்கும்" என்று கேட்டார். இங்கே மேசையிலிருக்கும் சார்ஜன்ட் ஐயாவும் அப்படிப் போடலாம் என்று சிங்களத்தில் சொன்னார். நான் மறுத்தேன். நோயைப் பற்றி நான் எழுதியது தவறுதலாக நடந்தது. தேவசகாயம் ஐயா சொன்னதாகச் சொன்னது அப்படி அல்ல. தாங்கியிலிருந்து இறங்கும்போதே நான் அவரிடம் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால், திங்கட்கிழமை ஐயாவும் தவறுதலாக ஏதோ செய்தவர் போல ஆகிவிடும். ஆகவே 'தெரிந்தே பொய் சொன்னேன்' என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அவ்வாறே எழுதப்பட்டது.

இதில் உள்ள அனைத்தும் நான் என் வாயால் சொன்னவை. எனக்கும் என் தாயாருக்கும் உரத்து வாசித்துக் காட்டப்பட்டது. பின்னர் நானே ஒரு தடவை வாசித்தேன். உண்மை. கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.

(ஒப்பம்) இரா. சுலக்ஷனா
(தாயார், இடது பெருவிரல் அடையாளம்) நாகலெட்சுமி